யாரு பார்த்த கணக்கு?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் செயலாளர் வரவு செலவை மளமளவென்று வாசித்து முடித்தார். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழும்பி, "வாசிச்சது சரி தம்பி, இது யாரு பார்த்த கணக்கு?" என்று கேட்டார். "நான்தான் காக்கா பார்த்த" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது.

பெரியவரின் கேள்வியைத்தான் பாராளுமன்றமும் கேட்க வேண்டியிருக்கிறது. நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? உறுப்பினர் வினா எழுப்புவார். அமைச்சர், தன் அதிகாரிகள் எழுதிக்கொடுத்த விடையை வாசிப்பார்; இல்லாவிட்டால் கால அவகாசம் கேட்பார். வாசிப்பது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. செலவழித்தவரே தன் செலவைப் பற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் அமைச்சுக்குக் கட்டுப்படாத ஒருவர், கணக்காய்வாளர் நாயகம், தேவைப்படுகிறார். ('ஒடிட்' என்ற சொல்லுக்கு இலத்தீனில் வேர், 'கேட்டல்'. அந்தக் காலத்தில் கணக்கை வாசிக்கக் கேட்டே சரிபார்த்தார்களாம்.)

மத்திய வங்கி முறி விவகாரத்தைப் பாருங்கள். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி, 100 கோடி ரூபாவுக்கு 30 வருட முறி ஏலம் என்று அறிவித்துவிட்டு, 1000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள். இலாபமடைந்த நிறுவனம் அப்போதைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புபட்டது. அந்நேரம் மத்திய வங்கி பிரதமரின் பொறுப்பில் இருந்தது. அவர் மூன்று சட்டத்தரணிகள் கொண்ட குழுவொன்றை நியமித்தார். பொறுப்பில் இருப்பவரே விசாரிப்பவரையும் தெரிவுசெய்தால், அதுவும் செயலாளர் பார்த்த கணக்குத்தான்.

பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு, அதாவது நாம் 'கோப்' என்று சொல்லும் குழு, விசாரணையைத் தொடங்கியது. 2015 ஜூனில் பாராளுமன்றம் கலைந்ததால் அறிக்கை சபைக்கு வரவே இல்லை. விடயம் மறுபடி உயிர்பெற்றது, 2016இன் நடுப்பகுதியில் கணக்காய்வாளர் நாயகம் தன் அறிக்கையைக் கொடுத்த பிறகுதான். அந்த ஒக்டோபரில் கோப் அறிக்கை சபைக்கு வந்தது. ஆளும் தரப்பு உறுப்பினர்கள் சிலர் அதற்கு அடிக்குறிப்புப் போட்டார்கள். 'அடிக்குறிப்பு' நாட்டிலே பகிடிச் சொல்லானது அப்போதுதான். தமிழ் படித்த எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். 2017 ஜனவரியில் ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது.

சரி, கணக்காய்வாளர் சுதந்திரமாக இருப்பதற்கு என்ன உத்தரவாதம்? அவருடைய சம்பளம் திரட்டு நிதியத்திலிருந்து போகிறது. பாராளுமன்றத்தின் விண்ணப்பம் இல்லாமல் ஜனாதிபதி தன் விருப்பத்துக்கு அவரை நீக்க முடியாது. இவை பழைய பாதுகாப்புகள். பலவீனமான இடம் நியமனம். 2015இல் வந்த 19ஆவது திருத்தம், அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்றது. கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் உருவாக்கியது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டம், முறைகேட்டால் வந்த நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடும் அதிகாரத்தை அந்த ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அதுவரை கணக்காய்வாளரின் வேலை பெரும்பாலும் அறிக்கை எழுதுவதோடு முடிந்தது.

2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் அந்த ஆணைக்குழுவையே இல்லாமலாக்கியது. நியமனத்துக்குப் பேரவையின் அங்கீகாரம் தேவையில்லை, ஒரு சபையின் கருத்தைக் கேட்டால் போதும் என்றும் ஆனது. இரண்டும் திரும்பி வந்தது 2022 ஒக்டோபரில், 21ஆவது திருத்தத்தோடு. இடையில், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு அறிவித்திருந்தது. ஆணைக்குழு இல்லாததால்தான் அது நடந்தது என்று சொன்னால் பிழை. ஆனால் கணக்கு மிகவும் தேவைப்பட்ட அந்த நாட்களில் பின்வரிசைப் பெரியவரின் கதிரையை எடுத்து வைத்திருந்தார்கள்.