விலைக்கு மானியமா, வீட்டுக்கு மானியமா?

மின்சாரம், சமையல் எரிவாயு, குடிநீர் ஆகியவற்றின் விலையை முழுமையாகச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்ட அரசுகள் உலகில் மிகக் குறைவு. குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக வைத்திருக்க இயலாத முதியவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். வெப்பநாட்டில் கோடையில் மின்விசிறி சுழலாவிட்டால் கைக்குழந்தை உறங்காது. எனவே, அரசு உதவ வேண்டுமா என்பது பெரும்பாலான நாடுகளில் முடிந்துபோன விவாதம். எப்படி உதவுவது என்பதே முடியாத விவாதம். நம்மிடையே இது 'இலவசம் சரியா, தவறா' என்ற பட்டிமன்றமாகச் சுருங்கிவிட்டதால், உதவியின் வடிவத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், மானியத்தை இரண்டாகப் பிரித்து விளக்குவது என் வழக்கம். ஒன்று, பொருளின் விலையைக் குறைப்பது. மற்றொன்று, பொருளின் விலையை அப்படியே விட்டுவிட்டு, குடும்பத்தின் சுமையைக் குறைப்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவுகள் வெவ்வேறானவை. உக்ரைன் மீதான ரஷியப் போருக்குப் பின் இயற்கை எரிவாயு விலை உச்சத்தைத் தொட்ட 2022-ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் இரு பெரிய நாடுகள் இந்த இரு வழிகளையும் ஒரே காலத்தில் கையாண்டன.

பிரிட்டன் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. சராசரிக் குடும்பத்தின் ஆண்டு எரிசக்திச் செலவு 2022 அக்டோபர் முதல் 3,549 பவுண்டாக உயரும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்திருந்தது. அரசு தலையிட்டு, அது ஏறத்தாழ 2,500 பவுண்டாக இருக்கும் வகையில் ஒரு யூனிட்டுக்கான விலையைக் குறைத்து நிர்ணயித்தது. தங்கள் பில் 2,500 பவுண்டைத் தாண்டாது என்று பலர் எண்ணிவிட்டனர். உண்மையில் உச்சவரம்பு யூனிட் விலைக்குத்தானே தவிர, பில் தொகைக்கு அன்று. கூடுதலாகச் செலவழித்தவர் கூடுதலாகவே செலுத்தினார். அவர் செலவழித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரசும் தன் பங்கைச் செலுத்தியது. விளைவாக, பெரிய மாளிகைக்குப் பெரிய மானியமும் சிறிய குடியிருப்புக்குச் சிறிய மானியமும் சென்றன. இதை ஓரளவு ஈடுசெய்யும் வகையில், எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாக 400 பவுண்ட் தனியே வழங்கப்பட்டது.

ஜெர்மனி இரண்டாவது வழியில் சென்றது. ஒரு குடும்பம் முன்பு பயன்படுத்திய அளவில் 80 சதவீதத்துக்கு மட்டும் எரிவாயு யூனிட்டுக்கு 12 சென்ட், மின்சாரத்துக்கு 40 சென்ட் என்று 2023-இல் விலை வரையறுக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கு முழுச் சந்தை விலை. நம் நியாயவிலைக் கடையின் தத்துவமும் ஏறத்தாழ இதுதான்: குடும்ப அட்டைக்கு இவ்வளவு, அதற்கு மேல் வேண்டுமெனில் வெளிச்சந்தை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சந்தை விலை யூனிட்டுக்கு 20 சென்ட் என்றும், குடும்பத்தின் பழைய பயன்பாடு 10,000 யூனிட் என்றும் வைத்துக்கொள்வோம். 8,000 யூனிட்டுக்குத் தலா 8 சென்ட் வீதம் 640 யூரோ அரசு உதவி. குடும்பம் இந்த ஆண்டு 7,000 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டாலும் அந்த 640 யூரோ குறையாது. சேமித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழுமையாக 20 சென்ட் மிச்சம். உதவியும் கிடைத்தது, சிக்கனத்துக்கான காரணமும் மறையவில்லை. இதிலும் குறை உண்டு. பழைய பயன்பாடே அளவுகோல் என்பதால், முன்பு தாராளமாகச் செலவழித்த வசதி படைத்தோர் கூடுதல் உதவி பெற்றனர். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர் அதற்கான பலனை இழந்தார்.

அப்படியானால், விலை மானியத்தை அறவே நீக்கிவிட்டு, எல்லோருக்கும் சமமாகப் பணம் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழும். ஈரான் அதைச் செய்து பார்த்தது. 2010 டிசம்பரில் அந்நாடு எரிபொருள், மின்சாரம், ரொட்டி ஆகியவற்றின் விலைகளைப் பெருமளவு உயர்த்தியது. அதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்குகளில் ஈட்டுத்தொகை செலுத்தப்பட்டிருந்தது. விலை உயர்ந்த நாளில்தான் அதை எடுக்க அனுமதி கிடைத்தது. நபருக்கு மாதம் 4,55,000 ரியால், அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். ஏழைக் குடும்பங்களுக்கு அது பெருந்தொகை. ஆனால், பணவீக்கம் கடுமையாக உயர்ந்தபோதும் அந்தத் தொகை பல ஆண்டுகள் அப்படியே நின்றது. கொடுத்த பணம் கரைந்தது. உயர்ந்த விலை இறங்கவில்லை. விலைவாசியோடு இணைக்கப்படாத ரொக்க உதவி, காலப்போக்கில் பெயரளவுக்கே மிஞ்சும்.

இந்தியாவும் சமையல் எரிவாயுவில் இந்த வழிக்கு மாறியது. 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் சிலிண்டரைச் சந்தை விலைக்கு வாங்கி, மானியத்தை வங்கிக் கணக்கில் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டு சிலிண்டர்கள் மலிவு விலையில் உணவகங்களுக்கும் வாகனங்களுக்கும் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க இது உதவியது. ஆயினும் முழு விலையையும் முதலில் கையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு, பிறகு வரப்போகும் 300 ரூபாயைவிட இன்று புரட்ட வேண்டிய தொகையே பெரிது.

மானியத்தை எப்படி விலக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கான பாடம் இலங்கையில் இருக்கிறது. அங்கு மின்கட்டணம் ஒன்பது ஆண்டுகள் உயர்த்தப்படவில்லை. பொருளாதாரம் சரிந்த பின், 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. இரண்டையும் சேர்த்தால் சராசரிக் கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால், மாதம் 30 யூனிட் மட்டும் பயன்படுத்தும் வீட்டின் நிலை என்ன? நிலைக்கட்டணம் உட்பட 105 ரூபாய் செலுத்திவந்த அந்த வீடு, முதல் உயர்வில் 360 ரூபாயும், இரண்டாவது உயர்வில் 1,300 ரூபாயும் செலுத்த நேர்ந்தது. சில மாதங்களில் பன்னிரண்டு மடங்கு! நாட்டின் சராசரி மூன்று மடங்கு. ஏழைக்குப் பன்னிரண்டு மடங்கு. 2023 ஜூலையில் அந்தப் பிரிவினரின் கட்டணம் குறைக்கப்பட்டது என்றாலும், இடைப்பட்ட மாதங்களை அவர்கள் இருளோடும் கடனோடும்தான் கடந்திருக்க வேண்டும். தேவையில்லாதவர்களுக்கும் நீண்ட காலம் வழங்கப்பட்ட மலிவு விலை, அரசின் கருவூலம் காலியானபோது, மிகவும் தேவைப்பட்டவர்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது.

இந்த அனுபவங்களோடு தமிழ்நாட்டைப் பார்ப்போம். 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அளவு வரையறுக்கப்பட்ட உதவி என்பதால் கொள்கையளவில் இது நல்ல வடிவமே. சிக்கல் அதன் மேல் அடுக்கப்பட்ட படிநிலைகளில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024-இல் விகிதங்கள் சற்று உயர்ந்தாலும் கணக்கின் வடிவம் மாறவில்லை. இரு மாதங்களில் 500 யூனிட் பயன்படுத்தினால் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலை 500-ஐத் தாண்டியவருக்கு இல்லை என்பதால், அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆகிவிடுகிறது.

வசதியுள்ள வீட்டுக்கு இது சிறு எரிச்சல். வாடகைக் குடித்தனங்களுக்கோ பெரும் இழப்பு. தலா 180 யூனிட் பயன்படுத்தும் மூன்று குடும்பங்களுக்குத் தனித்தனி இணைப்பு இருந்தால், ஒவ்வொன்றும் 180 ரூபாய் செலுத்தினால் போதும். மூவரும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்தம் 540 யூனிட். கட்டணம் 2,270 ரூபாய். தலைக்கு ஏறத்தாழ 757 ரூபாய். வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலித்தால், அதே 180 யூனிட்டுக்கு 1,440 ரூபாய். அரசு ஏழைக்கென ஒதுக்கிய சலுகை, ஏழையின் வாசல்வரை வந்து உரிமையாளரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மானியம் மனிதர்களுக்கு அல்லாமல் மின் இணைப்புக்குத் தரப்படுவதன் விளைவு இது.

இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிப்படைத் தேவைக்கான அளவைக் காப்பது அரசின் கடமை என்றே கருதுகிறேன். ஆனால், மூன்று திருத்தங்கள் அவசரமானவை. முதலாவது, 500 யூனிட் எல்லையில் உள்ள செங்குத்தான படியைச் சரிவாக மாற்ற வேண்டும். இரண்டாவது, ஒரே இணைப்பில் வாழும் வாடகைதாரர்களைக் குடும்பமாகக் கணக்கில் கொண்டு, குடும்ப அட்டையின் அடிப்படையிலேனும் சலுகை அவர்களைச் சேரச் செய்ய வேண்டும். மூன்றாவது, கட்டணம் எப்போது உயர்ந்தாலும் முதல் 100 யூனிட் வரை பயன்படுத்துவோர் கடைசியாகவே தொடப்படுவர் என்பதை விதியாகவே ஆக்க வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும் என்பது உண்மைதான். மானியம் அறிவிக்கும் மாநில அரசு அந்தத் தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கூறுகிறது. அந்தப் பணம் வரம்புக்குட்பட்டது. அதை 2,000 யூனிட் பயன்படுத்தும் குளிரூட்டப்பட்ட வீட்டுக்கும் 180 யூனிட் பயன்படுத்தும் ஒண்டுக்குடித்தனத்துக்கும் இணைப்புக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கில் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், நெருக்கடி வரும் நாளில் குடித்தனத்துக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. இலங்கையின் 30 யூனிட் வீடுகள் அதைத்தான் அனுபவித்தன.