பங்சாரை அடுத்த புக்கிட் பெர்செக்குத்துவான் வனம்

பங்சார் குடியிருப்புகளுக்கும் 1888-இல் ஆரம்பிக்கப்பட்ட ஏரிப் பூங்காவுக்கும் இடையே அமைந்த இக்குன்றில், தமிழர் பால்வெட்டிய தோட்டக் காலத்தை நினைவூட்டும் ரப்பர் மரங்கள், தாமே முளைத்த காட்டு விருட்சங்களோடு கலந்து நின்று, காய் முற்றி வெடிக்கையில் புள்ளியிட்ட பழுப்புக் கொட்டைகளை இன்றும் சிதறுகின்றன. 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம், தன் தலைமையகத்தை இங்கேயே கொண்டு, இச்சிறு வனத்தின் சம்ரட்சணைக்கு உழைத்து வருகிறது.

இதுபோல் நாற்புறமும் சாலை சூழ்ந்த வனத்தில் ஜீவராசிகள் இனம் பெருக வழியின்றிக் குன்றிவிடுமாதலால், நகரை வகுக்கும்போதே பூங்கா, ஆற்றங்கரை, குன்று யாவற்றையும் மரச்செறிவால் தொடுத்துவிடுதல் அத்தியாவசியம். சாலை குறுக்கிடும் இடத்தில் பாலமும் உதவும்: பினாங்கின் தெலோக் பாஹாங்கில், பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019-இல் சாலைக்கு மேலே கட்டிய பாலம், இலையுண்ணும் குரங்குகளை ஆபத்தின்றி மறுபுறம் சேர்க்கிறது.

புக்கிட் பெர்செக்குத்துவான் வனத்திலுள்ள குரங்குகளுக்கு உணவளிக்க வேண்டாமென அன்புடன் வேண்டுகிறோம்.