மடுவத்தில் வெட்டுப்பட்ட கைக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் மாடறுப்பை ஒழுங்குபடுத்தும் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. களவு மாடு அறுபடக் கூடாது, அனுமதிப்பத்திரம் இல்லாதவர் அறுக்கக் கூடாது என்பவைதான் அதன் பெரிய கவலைகள். பின்னால் வந்த சுகாதார விதிகள் இறைச்சியை உண்பவரை நினைத்து எழுதப்பட்டவை. நம் ஊரான காத்தான்குடியில் இறைச்சி வாங்குபவருக்காக நகர சபை இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை இணங்கியபோது மாட்டைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. விடியுமுன் மடுவத்தில் நின்று தோலுரிப்பவரின் கையைப் பற்றி அந்தப் பேச்சில் நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சிக்காகோ இறைச்சித் தொழிலாளர் படும் பாட்டை அப்டன் சிங்கிளேர் 1906இல் நாவலாக வெளியிட்டார். அமெரிக்கர்கள் தங்கள் தட்டில் விழும் இறைச்சியை நினைத்துப் பதறினார்கள். அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. தொழிலாளிக்கு அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. 2020 ஜூனில் ஜெர்மனியின் ரேடா-வீடன்புரூக் நகரத்து இறைச்சி ஆலையில் 1,500க்கும் அதிகமான தொழிலாளர்களைக் கொரோனா தொற்றிய பிறகுதான், இடைத்தரகர் மூலம் ஆள் பிடித்து வேலை வாங்குவதை அந்நாட்டு இறைச்சி ஆலைகளில் சட்டம் தடை செய்தது.

நம் ஊரில் ஆலை இல்லை. மடுவமும், இறைச்சிக் கடைகளும், பிராய்லர் கோழிக் கடைகளும்தான். ஆனால் கத்தி ஒன்றுதான், இரத்தமும் கொழுப்பும் வழுக்கும் தரையும் ஒன்றுதான். வலது கைப் பழக்கக்காரருக்கு இறைச்சியைப் பிடித்திருக்கும் இடது கையில்தான் பெரும்பாலும் வெட்டு விழும். அதைவிடக் கொடியது, எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும்போது கத்தியைத் தன் உடம்பை நோக்கி இழுப்பது. கத்தி நழுவினால் தொடையின் பெரிய நாடி அறுந்து சில நிமிடங்களில் உயிர் போகும். மொட்டைக் கத்தி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அதற்குத்தான் அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பலம்தான் நழுவும்போது கையில் இறங்கும். கத்தி பிடிக்காத கைக்கு எஃகு வளையங்களால் பின்னிய கையுறை உண்டு. மின் வாளில் எலும்பு அறுக்கும்போது மட்டும் அதைப் போடக் கூடாது. வாள் பல்லில் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும்.

வெட்டுப்பட்டால் கோப்பித் தூளும் சாம்பலும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை. விரல் துண்டாகிவிட்டால் அதைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் தசை செத்துவிடும், பிறகு பொருத்த முடியாது.

அடுத்து சட்டம். "கத்தியோட வேலை செஞ்சா வெட்டுப்படும்தானே, அது நஸீபு" என்று காயப்பட்டவரே சொல்லிவிடுகிறார். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலை காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கையில் காயம் ஏற்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளியின் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. தொழிலாளி கொஞ்சம் கவனம் தப்பியிருந்தாலும் உரிமை போகாது. போதையில் இருந்தது, சொல்லப்பட்ட பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்றவைதான் விலக்கு. நாட்கூலி என்பதோ, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதோ, முதலாளி காப்புறுதி எடுக்கவில்லை என்பதோ தடை அல்ல. 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுத்த கடதாசிக்கும் மதிப்பில்லை. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பின் நட்டஈட்டின் உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபாய். ஒரு விரல் போனாலும் அதற்கென அட்டவணையில் வீதம் குறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த உரிமை பெரும்பாலும் தொலைவது வைத்தியசாலை வாசலில்தான் என்று நினைக்கிறேன். முதலாளிக்குச் சங்கடம் வரக் கூடாதென்று 'வீட்டில் வெட்டுப்பட்டது' என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகும். காத்தான்குடி ஆதார வைத்தியசாலையோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, எங்கே சேர்ந்தாலும் வேலையிடத்தில் நடந்தது என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். டிக்கட் வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்குத் தாமதமின்றி அறிவித்து, அன்று உடன் நின்றவர்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள். அவர் கொடுக்க மறுத்தால் விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வழி கேட்க மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகம் போதும். மரணம் நேர்ந்தால் அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்த உரிமை சேரும்.

கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதமும் கட்ட வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் 'இவர் என்னிடம் வேலை செய்யவில்லை' என்று எவரும் சொல்ல முடியாது.

காயம் கண்ணுக்குத் தெரியும்; காய்ச்சல் அப்படியல்ல. எலிக்காய்ச்சல் வயல்காரருக்கு வருவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்தக் கிருமி மாட்டின் சிறுநீரிலும் இருக்கும். கீறல் வழியாகவோ கண் வழியாகவோ உடலுக்குள் புகும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் என்று தொடங்கினால் காத்திருக்க நேரமில்லை. புருசெல்லோசிஸ் இன்னும் மறைவானது. கன்று கலைந்த பசுவின் கருப்பையைத் தொடும் கைகளுக்கு அது வரும். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகு நோவு. சாதாரண மாத்திரைக்கு அடங்காது, குறைந்தது ஆறு வாரம் மருந்து எடுக்க வேண்டும். ஆகவே காய்ச்சலோடு வைத்தியரிடம் போகிறவர் முதல் வசனமாகவே "நான் மாடறுக்கிற வேலை செய்றன்" என்று சொல்லட்டும். அந்த ஒரு தகவல் இல்லாமல் வைத்தியர் டெங்குவைத் தேடிக்கொண்டிருக்கலாம். ஏற்பு ஊசி, எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

கோழிக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஈடுபடுத்தக் கூடாத ஆபத்தான தொழில்கள் என 2010இல் அரசு வெளியிட்ட பட்டியலில் விலங்கறுப்பும் உண்டு. மகன், மருமகன் என்ற உறவுமுறை கத்தியின் கூர்மையைக் குறைக்காது. முறைப்பாட்டுக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில்தான் பெரிய ஓட்டை தெரிகிறது. உழ்ஹிய்யாவுக்காக ஒரு வீட்டுக்காரர் நேரடியாகக் கூலிக்கு ஆள் பிடித்தால், அது அவருடைய வியாபாரம் அல்ல. அங்கே கை போனால் நட்டஈட்டுச் சட்டம் உதவாமல் போகலாம். இறைச்சிக் கடைக்காரர் தன் ஆளை அனுப்பினால் பொறுப்பு அவருடையது. ஆகவே அறுப்பதை வீட்டு முற்றங்களில் சிதறவிடாமல், பள்ளிவாயல் நிர்வாகங்களும் ஊரின் பள்ளிவாயல்கள் சம்மேளனமும் சேர்ந்து குறித்த இடங்களில் பழகிய ஆட்களைக் கொண்டு செய்விக்கலாம். பங்குப் பணத்தோடு ஆளுக்குச் சிறு தொகை சேர்த்தால் அந்த மூன்று நான்கு நாட்களுக்கு அவர்களுக்கு விபத்துக் காப்புறுதி எடுத்துவிடலாம், கையுறையும் முதலுதவிப் பெட்டியும் வாங்கலாம். பங்குப் பட்டியல் எழுதத் தொடங்கும்போதே இதையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். பெருநாளுக்கு முதல்நாள் யோசித்தால் காப்புறுதிக்கு நேரம் இருக்காது.