துணி போர்த்திய இறக்கை

இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் விருதை முதலில் பெற்ற நியூசிலாந்து வானோடி ஜேம்ஸ் வார்டு. வயது 22; அதற்கு முன் ஆசிரியர் தொழிலுக்குப் பயின்றவர். பறக்கும் விமானத்தின் இறக்கைமேல் இறங்கிப் போய்த் தீயோடு மல்லுக்கட்டிய அவர் கதையை வீரத்தின் கணக்கில் மட்டும் எழுதி முடித்துவிடுவது வழக்கம். வீரம் இருந்தது, மறுப்பில்லை. ஆனால் அதே துணிச்சலோடு ஒருவர் உலோகத் தகடு போர்த்திய விமானத்தில் இருந்திருந்தால், வெளியே கால் வைக்க இடம் கிடைத்திருக்காது. வார்டு செய்ததைச் செய்யக்கூடியதாக்கியது அவர் பறந்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் கட்டுமானம் என்பதே என் கட்சி.

அப்போது நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 16 லட்சம். போருக்கு முன்பே அந்நாட்டு அரசு 30 வெலிங்டன் விமானங்களை வாங்க ஏற்பாடு செய்திருந்தது. போர் மூண்டதும் விமானங்களையும் ஆட்களையும் பிரிட்டனிடமே விட்டுவிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 75ஆவது (நியூசிலாந்து) படைப்பிரிவு. 1941 ஜூலை 7 இரவு, ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைத் தாக்கிவிட்டு அதன் வெலிங்டன் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. வார்டு அதில் இரண்டாம் விமானி. நெதர்லாந்துக் கடற்கரையை ஒட்டி, 13,000 அடி உயரத்தில், ஜெர்மானியப் போர் விமானம் ஒன்று கீழிருந்து சுட்டது. வலது எஞ்சின் அருகே பெட்ரோல் குழாய் உடைந்து தீப்பிடித்தது. உடற்கூட்டில் துளை போட்டு உள்ளிருந்தபடியே தீயணைப்பானைப் பீய்ச்சினார்கள், குடிக்க வைத்திருந்த காப்பியைக்கூட ஊற்றிப் பார்த்தார்கள். எதுவும் எட்டவில்லை.

இனி கட்டுமானத்துக்கு வருவோம். வெலிங்டனின் எலும்புக்கூட்டை வடிவமைத்தவர் பார்ன்ஸ் வாலிஸ். அதற்கு முன் ஆகாயக்கப்பல் கட்டியவர். டூராலுமின் என்ற அலுமினியக் கலவையின் பட்டைகளை இரு திசைகளிலும் சாய்வாக ஓடவிட்டு, வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் பூட்டினார். பிரம்புக் கூடை பின்னுவதுபோல. முறுக்கு விசை வரும்போது ஒரு பட்டை இழுபட்டால், குறுக்கே ஓடும் பட்டை அமுக்கப்படும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சில பட்டைகள் அறுந்தாலும் சுமை பக்கத்துப் பட்டைகளுக்கு மாறிவிடும். இதன்மேல் போர்த்தியது பூச்சு தடவிய லினன் துணி. தகடு போர்த்திய விமானத்தில் தகடே சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. இங்கே துணிக்கு அந்த வேலை இல்லை. காற்றின் அழுத்தத்தை வாங்கிப் பட்டைகளுக்குக் கடத்துவதோடு சரி. ஆகவே துணியை உதைத்துக் கிழித்தாலும் விமானத்தின் பலம் குறையாது. கிழித்த இடத்தில் கால் ஊன்றவும் கை பற்றவும் பட்டை இருக்கும்.

வார்டு அதைத்தான் செய்தார். ரப்பர் படகின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மேல்திறப்பு வழியே வெளியேறினார். உடற்கூட்டில் மூன்றடி கீழே, பிறகு இறக்கைமேல் இன்னொரு மூன்றடி, இவ்வளவுதான் தூரம். ஆனால் காற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து மணிக்கு 160 கிலோமீட்டரில் பறந்ததாக வைத்துக்கொண்டாலும், அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தியில், அரை சதுர மீட்டர் பரப்பு காட்டும் ஓர் உடலை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னுக்குத் தள்ளும். எஞ்சின் விசிறியின் காற்று தனி. பாராசூட் காற்றில் இழுபடும் என்று அதைக் கழற்றிவிட்டுப் போக வார்டு நினைத்தது வெறும் அசட்டுத் துணிச்சல் அல்ல, இந்தக் கணக்குத்தான். சகாக்கள் வற்புறுத்தி அணிய வைத்தார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தீப்பற்றக் காரணமே அந்தத் துணிதானே, தகடாக இருந்திருந்தால் இறங்க வேண்டியே வந்திருக்காதே? பாதி நியாயம். துணி எரியும், தீயைப் பரப்பும். ஆனால் எரிந்தது துணி மட்டும் அல்ல, குழாயிலிருந்து வழிந்த பெட்ரோலும்தான். தகட்டு இறக்கைக்குள் அதே கசிவு பற்றினால் கையே எட்டாது, சில நூறு டிகிரி வெப்பத்திலேயே அலுமினியக் கலவை தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: தீயை வார்டு அணைத்தாரா, அது தானாக அணைந்ததா? மெத்தையாகப் பயன்பட்டுவந்த எஞ்சின் உறை ஒன்றை அவர் கொண்டுபோயிருந்தார். அதை வைத்து அமுக்கியதில் துணியில் பற்றிய தீ அணைந்தது. உறையை இறக்கையில் எரிந்த துளைக்குள் திணித்து, கசியும் குழாயையும் அடைக்கப் பார்த்தார். கையை எடுத்ததும் காற்று அதை வெளியே தள்ளியது, மறுமுறை பறித்தே போய்விட்டது. குழாய்த் தீ தொடர்ந்து எரிந்தது. ஆனால் பற்றிப் பரவ அருகே துணி மிச்சமில்லை. கடைசியில் அதுவே ஓய்ந்தது. ஆக, தீயின் பரவலை நிறுத்தியவர் வார்டு. அது ஓய்ந்தது எரிபொருள் போதாமல். இப்படிப் பிரித்துச் சொல்வதால் அவர் புகழ் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை.

தரையிறங்கிய பின் எடுத்த படத்தில், எஞ்சினுக்குப் பின்னால் எரிந்த பெருந்துளையும் துணியில் அவர் உதைத்துப்போட்ட ஓட்டைகளும் தெரிகின்றன. பட்டைகள் விமானத்தை ஊர் சேர்த்திருந்தன. ஆனால் இந்தப் பின்னல் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல: அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஹாம்பர்க் தாக்குதலில் வார்டு ஓட்டிச் சென்ற இன்னொரு வெலிங்டன் சுட்டு வீழ்த்தப்பட்டு, அவர் இறந்தார். 11,000க்கும் மேல் கட்டப்பட்ட இந்த விமானத்தின் முறையைப் பின்னாளில் கைவிட்டார்கள். பட்டைகளைப் பூட்டுவது வேலை பிடித்தது. வேகமும் உயரமும் கூடியபோது துணி தாக்குப்பிடிக்கவில்லை. 75ஆவது படைப்பிரிவும் தகடு போர்த்திய ஸ்டர்லிங்குக்கும், பிறகு லங்காஸ்டருக்கும் மாறியது.