பத்துப் பொத்தான்கள், ஒரே அடுப்பு

இன்று நம் நாட்டில் பல வீடுகளின் சமையலறை மேசையில் மின்சார மல்டி குக்கர் ஒன்று இடம்பிடித்துவிட்டது. சோறு, சூப், கறி, கஞ்சி, பயறு, தயிர், கேக் என அதன் முகப்பில் பத்துக்கும் மேற்பட்ட பொத்தான்கள். பத்து இயந்திரங்களை ஒரே பானைக்குள் அடைத்து வைத்தது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருப்பது ஒரே ஓர் அடுப்புதான்.

மாணவர்களே, அந்த அடுப்பு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, படிவம் 4இல் வரும் வெப்பம், படிவம் 5இல் வரும் அழுத்தம் ஆகிய இரண்டு இயற்பியல் பாடங்களே பெரும்பாலும் போதும். புரிந்துகொண்டால் எந்த உணவுக்கு எந்தப் பொத்தான் என்பது தெரியும். எந்த உணவுக்கு எந்தப் பொத்தானைத் தொடவே கூடாது என்பதும் தெரியும். தவறான பொத்தான் சில வேளைகளில் சுவையைக் கெடுப்பதோடு நிற்காது. வீட்டிலுள்ள எல்லாரையும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுக்க வைத்துவிடும்.

மூன்றே அளவுகள்

குக்கர் ஆறியிருக்கும்போது மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, உள்பானையை வெளியே எடுத்துப் பாருங்கள். அடியில் வட்டமான உலோகத் தட்டு ஒன்று இருக்கும். அதுதான் சூடேற்றி. 6 லிட்டர் குக்கரில் அதன் திறன் பெரும்பாலும் 1,000 வாட் அளவில் இருக்கும். தட்டின் நடுவே ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் சிறு குமிழ், வெப்ப உணரி. அது பானையின் அடியைத் தொட்டபடியே வெப்பநிலையை அளந்துகொண்டிருக்கும். அழுத்தத்தைக் கவனிப்பதற்கும் தனி ஏற்பாடு உண்டு. இவை தரும் செய்தியைப் பார்த்து, முகப்புக்குப் பின்னால் உள்ள கணினிச் சில்லு சூடேற்றியை முடுக்கும், நிறுத்தும்.

'பயறு' என்ற பொத்தானை அழுத்தினால், "இந்த அழுத்தத்தில் இத்தனை நிமிடம்" என்று சில்லுக்குக் கட்டளை போகிறது. 'தயிர்' என்றால், "இந்த வெப்பநிலையில் இத்தனை மணி நேரம்". ஆக ஒவ்வொரு பொத்தானும் வெப்பநிலை, அழுத்தம், நேரம் என்ற மூன்று அளவுகளின் ஒரு கலவைதான்.

100 டிகிரி என்னும் சுவர்

திறந்த பானையில் தண்ணீர் கொதிக்கிறது. தீயைக் கூட்டினால் தண்ணீரின் வெப்பநிலை கூடுமா? கூடாது. குமிழிகள் அதிகமாகும், தண்ணீர் விரைவாக வற்றும், அவ்வளவுதான். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டவுடன், கூடுதலாகக் கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக மாற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். 1 கிலோகிராம் நீருக்கு இது ஏறத்தாழ 2,260 கிலோஜூல்.

ஆனால் இந்தச் சுவரின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு சிகரத்தில் கொதிநிலை ஏறத்தாழ 87 டிகிரிதான். மலையில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான்.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்றால், அழுத்தத்தைக் கூட்டினால்? 1679இல், பிரான்சில் பிறந்த டெனிஸ் பாப்பின் என்ற அறிவியலாளர் இதைச் செய்துகாட்டினார். இறுக்கமாக மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்து, எலும்பையே மிருதுவாக்கும் ஒரு கருவியை லண்டனில் அவர் உருவாக்கினார. பாத்திரம் வெடித்துவிடாமலிருக்க, எடை வைத்த பாதுகாப்பு வால்வையும் அதில் பொருத்தினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூதாதை அதுதான்.

வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். மின்சாரக் குக்கர்கள் பலவற்றில், இதற்கு மேல் இன்னும் 70 முதல் 80 கிலோபாஸ்கல் சேரும். அப்போது உள்ளே உள்ள தண்ணீர் 115 முதல் 118 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று வேதியியலில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. அதன்படி 116 டிகிரியில் சமையல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் நடக்கும். திறந்த பானையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் கொண்டைக்கடலை, குக்கரில் அரை மணி நேரத்தில் வெந்துவிடுவதன் கணக்கு இதுதான்.

மூடியின் மேல் நால்வர்

மூடியின் விட்டம் 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 0.038 சதுர மீட்டர். உள்ளே கூடுதலாக 75 கிலோபாஸ்கல் இருந்தால், விசை = அழுத்தம் × பரப்பு என்ற சூத்திரப்படி மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 2,850 நியூட்டன். ஏறத்தாழ 290 கிலோகிராம் எடைக்குச் சமம். பெரியவர்கள் நால்வர் சேர்ந்து ஒரே இடத்தை அழுத்துவது போன்ற விசை அது. மூடியில் ஒரு சிறு உலோக ஊசி இருக்கிறதல்லவா? உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அது மேலெழுந்து நின்று, மூடியைத் திருப்ப முடியாதபடி பூட்டிவிடும். ஊசி கீழே இறங்காதபோது மூடியை வலிந்து திருப்ப முயல்வது மிகப் பெரிய ஆபத்து.

ஆவியைச் சட்டென்று திறந்துவிட்டால் என்ன ஆகும்? 116 டிகிரியில் 2 கிலோகிராம் சாம்பார் இருக்கிறது. அதை வெறும் தண்ணீர் என்றே கணக்கில் கொள்வோம். அழுத்தம் போனதும் அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். வெளிவரும் வெப்பம் 2 × 4.2 × 16, அதாவது சுமார் 134 கிலோஜூல். இதை 2,260ஆல் வகுத்தால், ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர் உடனே ஆவியாகிவிடும் என்று தெரிகிறது. 60 கிராம் என்பது நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர்தான். ஆனால் ஆவியானதும் அதன் கனஅளவு ஏறத்தாழ 100 லிட்டர்! பானை முழுவதும் ஒரே நேரத்தில் பொங்குவதும், பருப்பு நுரை வால்வு வழியாகச் சீறுவதும் இதனால்தான்.

எனவே பருப்பு, பயறு, கஞ்சி போன்ற நுரைக்கும் உணவுகளைப் பானையின் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. வெந்த பிறகு அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற உணவுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பதே எல்லை.

சோறு வெந்தது குக்கருக்கு எப்படித் தெரியும்?

தானியங்கி ரைஸ் குக்கரை 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யோஷிதாடா மினாமி. அவருடைய மனைவி ஃபுமிகோ, வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு சமைத்துச் சோதித்துப் பார்த்தார். சோறு வெந்ததைக் குக்கர் கண்டறியும் வழி எளிமையானது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுவதும் உறிஞ்சிக்கொண்டதும் அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டும். அந்த நொடியைப் பிடித்தால் போதும்.

ஒற்றை நெம்புகோல் கொண்ட சாதாரண ரைஸ் குக்கர்களில் இந்த வேலையைச் செய்வது ஒரு காந்தம். அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறப்பு உலோகக் கலவையோ ஃபெர்ரைட்டோ, சுமார் 103 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடும். உடனே ஸ்பிரிங் நெம்புகோலைத் தள்ளிவிடும். நாம் கேட்கும் 'டக்' என்ற ஒலி அதுதான். மல்டி குக்கரில் காந்தத்துக்குப் பதிலாக மின்னணு உணரி இருக்கிறது. தத்துவம் ஒன்றே.

ரெண்டாங் ஏன் கறுப்பதில்லை?

இறைச்சியும் வெங்காயமும் பொன்னிறமாகி மணம் வீசுவது மையார் வினையால். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மையார் 1912இல் இதை விவரித்தார். புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நடத்தும் இந்த வினை, சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். அழுத்தத்தில் நாம் எட்டுவது 118 டிகிரி. ஆகவே மூடிய குக்கரில் ரெண்டாங் இறைச்சி மிருதுவாகும். ஆனால் கருமையும் மணமும் சேராது. ஆவி வெளியேற வழியில்லாததால் தேங்காய்ப்பாலும் வற்றாது. முதலில் மூடி வேக வைத்துவிட்டு, பிறகு மூடியைத் திறந்து வதக்கும் பொத்தானில் கிளறி வற்றவிட வேண்டும். தண்ணீர் போனால்தான் வெப்பநிலை 100 டிகிரிச் சுவரைத் தாண்டும்.

தயிர்: உயிர்களுக்கான வெப்பம்

தயிர்ப் பொத்தானின் நோக்கம் வேக வைப்பதன்று, வளர்ப்பது. பாலை முதலில் 82 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அப்போது பாலின் புரதங்கள் உருமாறி, தயிர் கெட்டியாக உறைய உதவும். பிறகு 43 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு உறை ஊற்ற வேண்டும். சூடு குறையுமுன் ஊற்றினால் தயிர் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். குக்கர் 40 முதல் 43 டிகிரி வரை வெப்பத்தைப் பல மணி நேரம் மாறாமல் காக்கும்போது, பாக்டீரியாக்கள் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகின்றன.

நல்ல பாக்டீரியாவுக்கு இதமான வெப்பம், கெட்ட பாக்டீரியாவுக்கும் இதமானதுதான். அடுத்த இரண்டு பகுதிகளைக் கவனமாகப் படியுங்கள்.

ராஜ்மாவும் 'ஸ்லோ குக்' பொத்தானும்

சிவப்பு நிற ராஜ்மா பயற்றில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத பயறு நான்கைந்து உண்டாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கலாம். நன்கு கொதிக்க வைத்தால் இந்தப் புரதம் அழிந்துவிடும். குறைந்த வெப்பத்தில் அழியாது. 80 டிகிரியில் நெடுநேரம் வைத்த பயறு, பச்சைப் பயற்றைவிடவும் அதிக நச்சுத்தன்மை பெறலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது.

இப்போது குக்கரின் 'ஸ்லோ குக்' பொத்தானை நினைத்துப் பாருங்கள். அதன் குறைந்த நிலையில் உணவு கொதிநிலையை எட்டாமலேயே பல மணி நேரம் கழியலாம். பயறு மென்மையாகிவிடும்; பார்வைக்கு வெந்துவிட்டது போல இருக்கும்; நச்சு மட்டும் அப்படியே இருக்கும்.

பாதுகாப்பான வழி இதுதான்: ராஜ்மாவைக் குறைந்தது 5 மணி நேரம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதிய தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள், அல்லது அழுத்தத்தில் முழுமையாக வேக வையுங்கள். மென்மையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எட்டிய வெப்பநிலையை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரவெல்லாம் குக்கரில் இருந்த சோறு

அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு கொதிக்கும்போதும் இவ்வித்துகள் சாவதில்லை. சோறு ஆறி இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை உருவாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. "காலையில் ஒருமுறை சூடுகாட்டினால் சரியாகிவிடும்" என்ற எண்ணம் இங்கே செல்லாது.

'கீப் வார்ம்' பொத்தான் சோற்றை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும்வரை பாக்டீரியா பெருக முடியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே விட்டால் நிலைமை வேறு. கனமான பானையும் மூடியும் சேர்ந்து சோற்றை மெல்ல மெல்ல ஆறவிடும். பாக்டீரியாவுக்குப் பிடித்த இளஞ்சூட்டிலேயே பல மணி நேரம் கழிந்துவிடும். மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

காலையில் கோழியை உள்ளே போட்டு, மாலையில் சமைக்கும்படி 'டிலே' பொத்தானை அழுத்துவதும் இதே வகை ஆபத்துதான். நம் நாட்டின் 30 டிகிரி வெப்பத்தில் பச்சை இறைச்சி பல மணி நேரம் காத்துக்கிடக்கக் கூடாது.

வெப்பநிலை ஏணி

40–43 டிகிரி: தயிர் உறைகிறது.
5–60 டிகிரி: கெட்ட பாக்டீரியா பெருகக்கூடிய ஆபத்து வட்டம்.
60 டிகிரிக்கு மேல்: சமைத்த உணவைச் சூடாக வைத்திருக்கலாம்.
100 டிகிரி: திறந்த பானையில் தண்ணீரின் எல்லை.
115–118 டிகிரி: மூடிய குக்கரின் எல்லை.
140 டிகிரிக்கு மேல்: பொன்னிறமும் மணமும் விறுவிறுப்பாக உண்டாகின்றன.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் துணையோடு இதைச் செய்யுங்கள். உள்பானையில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சமையலறைத் தராசில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி, அழுத்தத்தில் 10 நிமிடம் வைத்து, அழுத்தம் தானாக இறங்கி, நன்கு ஆறிய பிறகு மீண்டும் எடை பாருங்கள். அடுத்து அதே அளவு தண்ணீரை மூடியைத் திறந்துவைத்து, வதக்கும் பொத்தானில் கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் எடை பாருங்கள். இரண்டிலும் எத்தனை கிராம் குறைந்தது? குறைந்த நிறையை 2,260ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால், ஆவியோடு எத்தனை கிலோஜூல் வெளியேறியது என்பது கிடைக்கும். உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. மூடிய குக்கரில் சமைக்கும்போது சாம்பாருக்குத் தண்ணீரை ஏன் குறைத்து ஊற்றச் சொல்கிறார்கள் என்பதற்கும் அந்த எண்களிலேயே விடை இருக்கிறது.