புகைச் சூட்டைத் திருப்பிவிடும் வால்வு

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். கார்புரேட்டர் பெட்ரோலைச் சிறு துளிகளாகத் தூவுகிறது. அந்தத் துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. இதனால் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக்கூடக் குறையலாம். ஈரப்பதம் மிகுந்த குளிர்காலையில் த்ராட்டில் தகட்டின் மேல் பனிக்கட்டி படிந்து எஞ்சின் நின்றுபோவது இதனால்தான். கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் சுவர் குளிர்ந்திருந்தால் ஆவியான பெட்ரோலும் மீண்டும் திரவமாகிவிடும். அப்போது சில சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் மிகுதியாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர, எஞ்சின் திணறும்.

வீணாக வெளியேறும் புகையின் சூட்டைக் கொண்டே பழைய கார்கள் இதைச் சமாளித்தன. 1955இல் செவர்லே வெளியிட்ட வி8 எஞ்சினில் சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுசெல்லும் வலப்புற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வாயில் ஒரு தகட்டு வால்வு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொள்ளும். அந்தப் பக்கத்துப் புகை, கார்புரேட்டருக்கு அடியில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் செல்லும் குறுக்குவழியில் பாய்ந்து மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும். போகிற வழியில் கார்புரேட்டரின் அடித்தளம் சூடேறிவிடும்.

வால்வை மூடி வைத்திருப்பது, இருவேறு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருட்டிய ஸ்பிரிங். சூடு ஏற ஏற அதன் பிடி தளரும்; வெளியே தெரியும் எதிர் எடையும் புகையின் உந்துதலும் வால்வைத் திறந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தானியங்கிச் சோக்கும் இதே வகை ஸ்பிரிங்கால்தான் இயங்குகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சூடான காற்று சிறு குழாய் வழியே சோக்கை எட்டியதும் அது மெல்லத் திறந்துகொள்ளும்.

கரியும் துருவும் சேர்ந்தால் வால்வின் தண்டு இறுகிவிடும். மூடிய நிலையில் இறுகினால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும், புகை எளிதாக வெளியேற வழியின்றி எஞ்சினின் வேகமும் குறையும். திறந்த நிலையில் இறுகினால் எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். சோதிப்பது எளிது: எஞ்சின் ஆறியிருக்கும்போது எதிர் எடையைக் கையால் திருப்பி விட்டால், தடையின்றிப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இறுகியிருந்தால், ஊடுருவும் எண்ணெயும் கிராஃபைட்டும் கலந்த திரவத்தைத் தண்டின் இரு முனைகளிலும் விட வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயில் அந்தச் சூட்டில் கரிந்து தண்டை மேலும் இறுக்கிவிடும்.

1980களில் எரிபொருளை இன்டேக் வால்வின் அருகிலேயே பீய்ச்சும் முறை பரவியது. அதன்பின் மேனிஃபோல்டில் காற்று மட்டுமே பாய்ந்ததால் அதைச் சூடாக்கும் தேவை நீங்கியது, வால்வும் மறைந்தது.