யானை வரும் முன்னே செய்தி

காட்டோரக் கிராமங்களில் யானையால் உயிர் இழப்போரில் பலர், யானை அங்கே நிற்பதை அறியாமலே அதன் எதிரில் போய்விட்டவர்கள். இருட்டிய பின் கடையிலிருந்து திரும்புகிறவரும், விடியுமுன் நீர் பாய்ச்சச் செல்கிறவருமே இவ்வாறு அகப்படுகின்றனர். அகழியும் மின்வேலியும் கேட்டு ஊராட்சிகள் விண்ணப்பம் அனுப்புகின்றன. அவை வேண்டாம் என்பதல்ல நமது கருத்து. ஆயினும், இன்று யானை எங்கே நிற்கிறது என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தால், அதற்காகும் செலவு சொற்பம், பயனோ பெரிது.

இதற்குத் தக்க சான்று வால்பாறை. ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த சுமார் 220 சதுர கிலோ மீட்டர் பீடபூமி அது. ஒரு காட்டிலிருந்து மறு காட்டிற்குச் செல்லும் யானைகள் தோட்டங்களின் வழியேதான் நடந்தாக வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தார் அங்கு பல்லாண்டுகளாக யானைகளின் போக்கை ஆராய்ந்து, மக்களுக்கு முன்னறிவிப்புச் செய்யும் முறையை வகுத்தனர். முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் அடிவரியில் செய்தி ஓடிற்று. பின்னர் கைபேசிக் குறுஞ்செய்தியும், தமிழில் பேசும் குரலழைப்பும் வந்தன. மேட்டுப்பாங்கான இடங்களில் சிவப்பு விளக்குகளும் நிறுவப்பட்டன. அருகில் யானை வந்தால், பதிவு பெற்ற உள்ளூர்வாசி தம் கைபேசியிலிருந்து அழைத்த மாத்திரத்தில் விளக்கு எரியும். தொலைவில் வரும்போதே அதைக் கண்டவர் நின்றுவிடுகிறார். இப்பணியை முன்நின்று நடத்திய டாக்டர் எம். ஆனந்தகுமாருக்கு 2015ஆம் ஆண்டு விட்லி விருது கிடைத்தது.

பெருஞ்செலவில் அமையும் ஏற்பாடுகளும் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அவ்விருப்புப்பாதையில் 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களும் வெப்பத்தைக் காணும் காமிராக்களும் 7.24 கோடி ரூபாய்ச் செலவில் நிறுவப்பட்டன. விரைந்து வரும் ரயிலுக்கு அது தகும். நமது கிராமத்திற்கு அவ்வளவு தேவையில்லை.

இனி, ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானத்தைப் பற்றிப் பார்ப்போம். வெப்பக் காமிரா பொருத்திய ட்ரோன், யானையின் உடற்சூட்டைக் கொண்டு அதை இருளிலும் காட்டும். நிலம் குளிர்ந்திருக்கும் பின்னிரவும் விடியற்காலையுமே இதற்கு உகந்த நேரம். நண்பகலில் பாறைகளும் சுடுவதால் யானைக்கும் பாறைக்கும் வேறுபாடு தெரியாது. அடர்ந்த மரக்கூரையின் கீழ் நிற்கும் யானையும் தென்படாது. சாதாரண ட்ரோனின் மின்கலம் அரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். மழையிலோ பலத்த காற்றிலோ பறக்கவிட இயலாது. ஆகவே காட்டுத்தடம் அறிந்த காவலரின் கண்ணுக்கு அது துணையாகுமேயன்றி மாற்றாகாது.

யானைக் கூட்டத்தின் தலைக்குமேல் ட்ரோனைப் பறக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது பெருந்தீங்கு. அதன் இரைச்சலில் மிரண்ட கூட்டம் எத்திசையில் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த குடியிருப்புக்குள்ளேயே புகலாம். மேலும், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பதிவெண் பெறாத ட்ரோனைப் பறக்கவிடலாகாது. காப்பகத்தினுள் வன இலாகாவின் அனுமதியும் வேண்டும். எனவே இவ்வேலையை இலாகாவினரிடமே விட்டு, அவர்கள் கண்டதை ஊராருக்குச் சேர்ப்பிப்பதை ஊராட்சி மேற்கொள்வதே முறை. கொம்பன் யானை நிற்கும் இடத்தைப் படத்துடன் ஊரறியப் பரப்புவதும் கூடாது. அது வேட்டைக்காரனுக்கும் எட்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வனச்சரக அலுவலரை அழைத்து, குடும்பத்திற்கு ஒரு கைபேசி எண் வீதம் பட்டியல் தயாரிக்கலாம். கைபேசி இல்லாத முதியோர் வீட்டிற்குச் சொல்லி வருபவர் யார் என்பதையும் குறிக்கவேண்டும். விளக்கு வைப்பதானால், அதை ஏற்றுவதற்கு மட்டுமன்றி, யானை அகன்றதும் அணைப்பதற்கும் ஆள் வேண்டும். வீணாக எரியும் விளக்கை மூன்றாம் நாள் எவரும் மதியார். விளக்கினுள் இருக்கும் சிம் அட்டைக்குத் தவறாமல் கட்டணம் செலுத்துபவர் இன்னார் என்பதையும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவது நலம்.